இறக்கத்தை நினைத்துக் கட்டுங்கள்: மலைநாட்டில் முதல் ஃபிக்ஸி

ஃபிக்ஸ்ட் கியர் சைக்கிளைப் பையன்கள் சுருக்கமாக ஃபிக்ஸி என்கிறார்கள். சாதாரண சைக்கிளில் காலை நிறுத்தினாலும் ப்ரீவீல் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு சக்கரத்தை ஓடவிடும். ஃபிக்ஸியில் ப்ரீவீலே கிடையாது. பின்பக்கப் பல்சக்கரம் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு பூட்டியே இருக்கும். சக்கரம் சுற்றும் வரை பெடல் சுற்றும், பெடலோடு காலும் சுற்றும். பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் வேகம் குறையும். கொஞ்சம் பழகிவிட்டால் பின்னோக்கியும் ஓட்டலாம்.

"நம்ம மலையில் இதை ஏத்த முடியுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஏற்றலாம். மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கேட்க வேண்டியது இறக்கத்தைப் பற்றி. நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி சுமார் 500 மீற்றரில். இரண்டுக்கும் நடுவே றம்பொடை வளைவுகள் இருக்கின்றன. அந்த இறக்கம் முழுவதும் உங்கள் கால் ஒரு நொடிகூட நிற்க முடியாது. அதனால் கியர், பிரேக், ஹப் எதைத் தெரிவு செய்தாலும் இறக்கத்தை மனதில் வைத்தே தெரிவு செய்யுங்கள்.

முதலில் கியர் கணக்கு

தட்டையான ஊர்களில் முன்னால் 46 பல், பின்னால் 16 பல் போட்டு ஓட்டுவார்கள். இணையத்தில் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலும் அந்த மாதிரிக் கியர்தான். இங்கே அதை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். நான் சொல்வது முன்னால் 40, பின்னால் 19. விகிதம் 2.1 வரும்.

இது காலுக்கு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். 700-25 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீற்றர் ஓடும். 40/19 போட்டால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் ஏறக்குறைய 4.4 மீற்றர் போகும். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் கால் நிமிடத்துக்கு 95 சுற்று சுற்றும். அது வசதியான வேகம். 30க்குப் போனால் 114 சுற்று. 40ஐத் தொட்டால் 150. அந்த வேகத்தில் புதிதாகப் பழகுபவர் சீட்டிலிருந்து துள்ள ஆரம்பித்துவிடுவார், சைக்கிள் அவர் கையில் இருக்காது.

அப்படியானால் 46/16 போட்டால் கால் மெதுவாகச் சுற்றுமே என்று தோன்றும். உண்மைதான், 40 கிலோமீற்றரில் 110 சுற்றுதான். ஆனால் அந்தக் கியரில் இறக்கத்தைக் காலால் இழுத்துப் பிடிக்க இரும்புத் தொடை வேண்டும். தலவாக்கலைப் பக்கம் ஒரு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பவும் முடியாது. சின்னக் கியரைப் போட்டு, வேகம் 25ஐத் தாண்டாமல் பிரேக்கால் பார்த்துக்கொண்டால் ஏற்றமும் சமாளிக்கலாம், இறக்கமும் சமாளிக்கலாம்.

ஹப்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

டவுனில் உள்ள சைக்கிள் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அதுக்கு என்ன தம்பி, ப்ரீவீலுக்கு நாலு பொட்டு வெல்டிங் அடிச்சா பூட்டிக்கும்."

"இல்லண்ணே, பல்சக்கரம் கழலாம பூட்டுற வளையம், லொக் ரிங், அது போடுற ஹப்தான் வேணும்."

அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ப்ரீவீல் ஹப்பில் உள்ள மரை வலப்பக்க மரை. முன்னுக்கு மிதிக்கும்போது இறுகும், பின்னுக்கு அழுத்தும்போது தளரும். வெல்டிங் அடித்தால் ப்ரீவீலின் உள்ளே இருக்கும் சுழற்சிதான் நிற்கும், மரை நிற்காது. காலால் வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். ஒரு நாள் இறக்கத்தின் நடுவில் முழுதாக விட்டுவிடும். பசை போட்டு ஒட்டுவதும் இதே கதைதான்.

ஃபிக்ஸிக்கென்றே செய்த ஹப்பை டிராக் ஹப் என்பார்கள். அதில் இரண்டு மரை இருக்கும். பல்சக்கரத்துக்கு வலப்பக்க மரை. அதற்கு வெளியே, சற்றுச் சின்ன விட்டத்தில் லொக் ரிங்குக்கு இடப்பக்க மரை. பல்சக்கரம் கழலப் பார்த்தால் அதே திசையில் லொக் ரிங்கையும் தள்ளும். லொக் ரிங்கின் மரை எதிர்ப்பக்கம் என்பதால் அது கழலாமல் இன்னும் இறுகும். காலால் நிறுத்தலாம் என்ற நம்பிக்கை முழுவதும் இந்தச் சின்ன வளையத்தை நம்பித்தான் இருக்கிறது.

முடிந்தால் இரண்டு பக்கமும் மரையுள்ள ஹப்பாக வாங்குங்கள். ஒரு பக்கம் பூட்டிய பல்சக்கரம், மறுபக்கம் ப்ரீவீல். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் சாதாரண சைக்கிளாகிவிடும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை கியர் மாற்றும் டிரெய்லியருக்கு அனுமதி இல்லை. மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் ஏறினார்கள். நமக்கு அது மலை உச்சியில் உதவும். நீண்ட இறக்கம் வருகிறதா, ஓரமாக நிறுத்தி ப்ரீவீல் பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 15 மில்லிமீற்றர் ஸ்பானர் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஃபிரேம், ரிம், பிரேக்

வீட்டில் பழைய லுமாலா சைக்கிள் கிடந்தால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் வெட்டு, அச்சை முன்னும் பின்னும் நகர்த்த இடம் தர வேண்டும். கியர் சைக்கிள்கள் பலவற்றில் அந்த வெட்டு நேர் கீழாக இருக்கும். அதில் செயினை இழுத்து வைக்க வழியில்லை. ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் போடலாமா என்று கேட்பார்கள். ஃபிக்ஸியில் கூடவே கூடாது. பின்னுக்கு அழுத்தும்போது அந்த ஸ்பிரிங்தான் முதலில் மடங்கும்.

டிராக் ஹப்பின் அகலம் பெரும்பாலும் 120 மில்லிமீற்றர். வாங்குவதற்கு முன் ஃபிரேமின் உள் அகலத்தை அளந்து பாருங்கள். பழைய ஃபிரேமில் கொட்டர் பின் என்ற ஆப்பு வைத்துப் பூட்டிய கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) இருந்தால் அந்தப் பின்னை நன்றாகச் சோதியுங்கள். முன்னும் பின்னும் அழுத்தம் மாறி மாறி விழுவதால் தேய்ந்த பின் சீக்கிரம் ஆடத் தொடங்கும்.

நிக்கல் பூச்சுப் போட்ட இரும்பு ரிம் இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவம், பதுளைப் பக்கம் வடகிழக்குப் பருவம் என்று வருடத்தில் பாதிநாள் மழையிலும் மூடுபனியிலும்தானே ஓட்டுகிறோம். அலுமினிய ரிம் நனைந்தாலும் பல மடங்கு நன்றாகப் பிடிக்கும்.

பிரேக்கே இல்லாத ஃபிக்ஸிதான் அழகு என்று சிலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயச் சைக்கிள்களில் பிரேக் கிடையாது. அது மூடிய ஓடுபாதை, எதிரே கொழுந்து லொறி வராது. நம் ரோட்டில் முன் பிரேக் இல்லாமல் ஓட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். சக்கரத்தைத் திருப்பி ப்ரீவீலில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பின் பிரேக்கும் வேண்டும்.

பூட்டும் முறை

ஹப் மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, பல்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மரை மாறி ஏறினால் ஹப் வீணாகிவிடும், அதனால் பொறுமை. பிறகு செயின் சாவியால் பலமாக இறுக்கி, லொக் ரிங்கை எதிர்ப்பக்கம் சுற்றிக் கொக்கிச் சாவியால் இறுக்குங்கள்.

செயின் கியரில்லாத சாதாரண சைக்கிளுக்குப் போடும் அகலச் செயினே போதும், எட்டில் ஒரு அங்குலம் என்று கேட்டால் தருவார்கள். சக்கரத்தை மாட்டிவிட்டுப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். கோணலாக இருந்தால் செயின் கழலும். ஃபிக்ஸியில் செயின் கழன்றால் பின்சக்கரம் அப்படியே இறுகி நிற்கலாம்.

செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக ஒரு சென்ரிமீற்றர் அளவு ஆட வேண்டும். பெடலைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், எங்கே மிக இறுக்கமோ அங்கேதான் இந்த அளவு. சுற்றும்போது விரலைச் செயினுக்குப் பக்கத்தில் கொண்டு போகவே கூடாது. இது நிற்கிற இயந்திரமில்லை, பல்லுக்கும் செயினுக்கும் நடுவே விரல் போனால் போனதுதான்.

பூட்டி முடித்ததும் பக்கத்தில் உள்ள செங்குத்தான ஏற்றம் ஒன்றில் எழுந்து நின்று மிதித்து ஏறுங்கள். பல்சக்கரம் கடைசி வரை இறுகும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து லொக் ரிங்கை இன்னொரு தடவை இறுக்குங்கள். இதை யாரும் தவறவிட வேண்டாம்.

முதல் ஓட்டம்

தட்டையான இடம் தேடுவதுதான் நமக்குப் பெரிய வேலை. தோட்டத்தில் என்றால் பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்காத நேரத்தில் மடுவத்துக்கு முன்னால் உள்ள இடம், விளையாட்டு மைதானம். வாச்சர் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். சாரத்தோடு வேண்டாம். சப்பாத்துக் கயிற்றையும் உள்ளே செருகிவிடுங்கள்.

ஏறுவதற்கு முன் பெடல் சரியான இடத்தில் இருக்காது, பின்னுக்குச் சுற்றிக் கொண்டுவரவும் முடியாது. முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் லேசாக எழும்பும். அப்போது காலால் பெடலைச் சுற்றி மேலே கொண்டு வரலாம்.

கிளம்பிய பிறகு ஒரே விதி: காலை நிறுத்தாதீர்கள். பழக்கதோஷத்தில் நிறுத்தினால் பெடல் உங்களைத் தூக்கி எறியப் பார்க்கும். முதல் வாரம் பெடலோடு காலைப் பிடிக்கும் கால் பட்டியை இறுக்கவே வேண்டாம், லூசாகவே இருக்கட்டும். நிற்க வேண்டுமென்றால் முன் பிரேக்கை மெதுவாகப் பிடித்துக்கொண்டே காலாலும் எதிர்த்து அழுத்துங்கள்.

வளைவில் இன்னொரு விஷயம். சாதாரண சைக்கிளில் உள்பக்கப் பெடலை மேலே வைத்துச் சாய்வோம். இதில் முடியாது, கீழே வரும் பெடல் ரோட்டில் இடித்தால் பின்சக்கரம் துள்ளிவிடும். 165 மில்லிமீற்றர் கிராங்க் இருந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். எப்படியிருந்தாலும் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை உள்ளே சாய்த்துச் சைக்கிளை நிமிர்த்தி வையுங்கள்.

நின்றபடி நிற்பது: டிராக் ஸ்டாண்ட்

காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிளின் மேலேயே ஒரே இடத்தில் நிற்பது. எனக்கு மிகவும் பிடித்த வித்தை இது. மலைக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. தட்டையான ஊரில் பழகுபவர் ரோட்டின் ஓரச் சரிவைத் தேடி அலைய வேண்டும். நமக்குச் சரிவுக்கா பஞ்சம்?

மிக லேசான ஏற்றத்தைப் பார்த்து மெதுவாக வாருங்கள். இரண்டு பெடலும் கிடைமட்டமாக இருக்கட்டும், உங்களுக்கு வாகான கால் முன்னால். சீட்டிலிருந்து எழுந்து, முன்சக்கரத்தை முன்காலின் பக்கமே பாதியளவு திருப்புங்கள். வலது கால் முன்னால் என்றால் வலது பக்கம். இப்போது முன்பெடலை லேசாக அழுத்தினால் சைக்கிள் ஒரு அங்குலம் முன்னேறும், விட்டால் சரிவு அதைப் பின்னுக்கு இழுக்கும். அந்த ஒரு அங்குலப் போக்குவரத்துதான் முழு வித்தையும். இடது பக்கம் விழப் பார்த்தால் பின்னுக்கு விடுங்கள், வலது பக்கம் விழப் பார்த்தால் முன்னுக்கு அழுத்துங்கள். இடது கால் முன்னால் என்றால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கண் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. நாலைந்து மீற்றர் தள்ளி ஒரு கல்லையோ தேயிலைச் செடியையோ பாருங்கள். கையை விறைக்க வேண்டாம், முழங்கை மடங்கியே இருக்கட்டும். சரிவில் கைவந்த பிறகு தட்டையான இடத்துக்குப் போங்கள். அங்கே சரிவு செய்த வேலையை உங்கள் பின்கால் செய்ய வேண்டும்.

ஸ்கிட்

பின்சக்கரத்தை நிறுத்தி வழுக்கிக்கொண்டு போவது. இதற்குக் கால் பட்டி கட்டாயம். மழை விட்ட பிறகு ஈரமான சீமெந்துத் தரையில் பழகினால் இலேசாக வரும், டயரும் அவ்வளவாகத் தேயாது. பாசி பிடித்த இடம் மட்டும் வேண்டாம், அங்கே முன்சக்கரமும் சேர்ந்து போய்விடும்.

நடுத்தர வேகத்தில் இடுப்பை முன்னால், ஹேண்டில் தண்டு வரை கொண்டு போங்கள். பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்ததும், பெடல்கள் கிடைமட்டமாக வரும் நேரம் முன்காலைப் பட்டியோடு மேலே இழுத்து, பின்காலைக் கீழே அழுத்திப் பூட்டுங்கள். வழுக்கும்போது முன்சக்கரம் நேராக இருக்க வேண்டும். விடுவிக்கும்போது சட்டென்று விடாமல் காலைச் சுழல விட்டு எடுங்கள். இதை பிரேக்காக எண்ண வேண்டாம். வழுக்கும் பின்சக்கரம் பிடிப்பது மிகக் குறைவு, அவசரத்தில் காப்பாற்றுவது முன் பிரேக்தான்.

40/19 சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கிட் அடிக்கும்போது டயர் எப்போதும் குறிப்பிட்ட சில இடங்களில்தான் தேயும். விகிதத்தைச் சுருக்கினால் கீழே வரும் எண்தான் அந்த இடங்களின் எண்ணிக்கை. 40/20ஐச் சுருக்கினால் 2/1. ஒரே காலால் ஸ்கிட் அடித்தால் டயரின் ஒரே இடம்தான் தேய்ந்து ஓட்டையாகும். 40/19 சுருங்காது, தேய்மானம் 19 இடங்களுக்குப் பகிரும்.

பின்னோக்கி வட்டம்

டிராக் ஸ்டாண்ட் நிதானமாக நிற்க ஆரம்பித்த பிறகு இதற்கு வாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, லேசான ஏற்றத்தில் நின்று, சைக்கிளைத் தானாகப் பின்னுக்கு உருள விடுங்கள். கால் அதோடு பின்னுக்குச் சுற்றட்டும். முதலில் அரைச் சுற்று, அப்புறம் முழுச் சுற்று. சைக்கிள் சாயும் பக்கமே ஹேண்டிலைத் திருப்பி முன்னுக்குப் போகும்போது சமாளிப்போம். பின்னுக்குப் போகும்போது அந்தப் பழக்கம் உதவாது, கை குழம்பும். திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒரு பக்கத்து வட்டத்தை மட்டும் முதலில் பழகுங்கள்.

ஹேண்டிலை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் பார் ஸ்பின், முன்சக்கரத்தைத் தூக்கும் வீலி எல்லாம் தடித்த ஃபோர்க்கோடு இதற்கென்றே செய்த ஃபிரேமில் செய்வது. பழைய லுமாலா ஃபிரேமில் முயல வேண்டாம். பார் ஸ்பின் செய்யும்போது முன்பக்கப் பிரேக்கின் கேபிளும் தடையாகச் சுற்றிக்கொள்ளும். அதற்காகப் பிரேக்கைக் கழற்றாதீர்கள், அந்த வித்தைக்கு மைதானத்தில் மட்டும் ஓட்டும் வேறொரு சைக்கிளைக் கட்டிக்கொள்ளுங்கள்.