கீமோ நாட்களில் அம்மாவைக் கவனிப்பது எப்படி: குருத்தணு சாகும் கணக்கு

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் புற்றுநோய்க்காகக் கீமோ ஆரம்பித்தபோது, மார்பில் இருக்கும் கட்டிக்கு மருந்து போட்டால் வாய் ஏன் புண்ணாகிறது என்று யாருக்கும் புரியவில்லை. அது புரிந்தால் எந்த நாளில் எதற்குத் தயாராக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கீமோ மருந்துகளில் பல டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துபவை. நம் குடலின் உட்தோல் 3 முதல் 5 நாளுக்குள் புதிதாகிவிடும், அதற்காக உட்தோலின் அடிக்குழிகளில் குருத்தணுக்கள் (புது உயிரணுக்களை உண்டாக்கும் தாய் உயிரணுக்கள்) ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். டி.என்.ஏ. உடைந்ததும் பி53 என்ற புரதம் சேரும். பழுது பார்க்க முடியாத சேதம் என்றால் உயிரணுவின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும், உயிரணுவை உள்ளிருந்தே வெட்டும் காஸ்பேஸ் நொதிகள் கிளம்பும், உயிரணு சுருங்கிச் சின்னப் பொட்டலங்களாக உடையும், பக்கத்து அணுக்கள் விழுங்கிவிடும். பிழையைப் பெருக விடாமல் தடுக்கும் ஏற்பாடு இது. வாயின் உட்தோலும் இப்படி வேகமாகப் புதிதாவதுதான், அதனால்தான் அங்கேயும் புண்ணாகிறது.

வாய்ப்புண் பெரும்பாலும் மருந்து போட்ட 5 முதல் 10 நாளுக்குள் வரும். அதற்கு முன்பே தொடங்குங்கள்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஆப்பச்சோடா, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். டர்பன் வீட்டில் மிளகாயை நிறுத்துவது லேசில்லை, ஆனாலும் நிறுத்துங்கள். புளி, ஊறுகாயும் வேண்டாம். அம்மாவின் நாக்கோரம் தோலுரிந்து சிவந்திருந்த வாரம், ஆறவைத்த சோளமாவுக் கஞ்சியும் குழைந்த பருப்பும்தான் இறங்கின.

முடி 2, 3 வாரத்தில் கொட்டும். வேரில் வேகமாகப் பிரியும் அணுக்கள்தான் அதிகம் சாகின்றன. மயிர்க்காலின் மேல்பகுதியில் இருக்கும் குருத்தணுக்கள் டி.என்.ஏ.வைச் சீக்கிரம் ஒட்டவைத்துக்கொள்ளும், சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதமும் அவற்றில் கூடுதல். அதனால்தான் பெரும்பாலோருக்கு முடி திரும்ப முளைக்கிறது. அம்மா அழுதபோது இதைத்தான் சொன்னேன்.

அப்புறம் எலும்பு மஜ்ஜை, இரத்த அணுக்கள் உருவாகும் இடம். பொதுவாக மருந்து போட்ட 7 முதல் 14 நாளுக்குள் கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் ரொம்பக் குறையும், அப்போது வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. நாங்கள் தெர்மாமீட்டரைச் சாமி விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். 38 டிகிரி தொட்டால், பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், கீமோ எடுப்பவர் என்று காட்டும் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.