சிலம்பைப் பின்தொடர்ந்து: பதின்ம வயதினருக்குக் குறியீட்டையும் அதிகாரத்தையும் கற்பித்தல்

குறியீடு, உருவகக் கதை, சுழற்சி ஆகிய சொற்களுக்கு முதல் நாளே கரும்பலகையில் வரையறை எழுதிப் போட்டால், பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்களே தவிர, படிக்கும் நூலில் அவற்றைத் தாமாக அடையாளம் காணமாட்டார்கள். வரையறையைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, ஒரு பொருளை நூல் முழுவதும் பின்தொடரச் செய்யுங்கள். இதற்குச் சிலப்பதிகாரத்தைவிடப் பொருத்தமான நூலை நான் அறியேன். நூலின் முன்னுரையான பதிகம் கூறும் மூன்று உண்மைகளை முதலிலேயே சொல்லிவிடும் வழக்கத்தை மட்டும் தவிருங்கள். விடை கையில் கிடைத்தபின் யாரும் தேடமாட்டார்கள்.

முதல் வகுப்பில் வெண்கொற்றக்குடையை எடுத்துக்கொள்ளலாம். மங்கல வாழ்த்துப் பாடல், சோழனுடைய குளிர்ந்த வெண்குடையைப் போல உலகுக்கு அருள் செய்வதால் திங்களைப் போற்றுவோம் என்று தொடங்குகிறது. நிலவைப் போன்றது குடை என்னாமல், குடையைப் போன்றது நிலவு என்று ஏன் கூற வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். இயற்கைக்கே அளவுகோலாக அரசனின் அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதை யாரேனும் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். பிறகு வழக்குரை காதையில் பாண்டியனின் அரசி கோப்பெருந்தேவி காணும் கனவுக்கு அழைத்துச் செல்லுங்கள்: அங்கே செங்கோலும் வெண்குடையும் நிலத்தில் விழுகின்றன. அதே காதையின் முடிவில் பாண்டியன் 'தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்' ஆகிறான். இந்த மூன்று இடங்களையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால், குறியீடு நிலையான பொருளன்று, கதையோடு சேர்ந்து மாறுவது என்பதை விளக்கவே தேவையிருக்காது.

அடுத்து, ஒரு சொல்லை நெருங்கிப் பார்க்க வேண்டும். கொலைக்களக் காதையில், 'வினைவிளை காலம் ஆதலின்' என்று ஊழைச் சொன்ன கையோடு, அரசன் 'தேரான் ஆகி', அதாவது ஆராயாதவனாகி, ஆணையிட்டான் என்கிறார் இளங்கோவடிகள். சிலம்பு கள்வன் கையில் இருக்குமாகில் அவனைக் கொன்று கொண்டுவருக என்பது ஆணை. அந்த 'ஆகில்' என்ற சொல்லின் கீழ்க் கோடிடச் சொல்லுங்கள். ஐயத்துக்கு இடமிருந்தும் யாரும் நின்று விசாரிக்கவில்லை. நான்கு காதைகள் கடந்து, அவைக்கு வரும் கண்ணகி எடுத்த எடுப்பில் 'தேரா மன்னா' என்று அழைக்கிறாள். கவிஞர் மெல்லச் சொன்ன குற்றச்சாட்டே அவள் வாயில் அறைகூவலாகத் திரும்பி வருகிறது. இந்த இடத்தை இரு மாணவர்கள் உரக்கப் படிக்கட்டும். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொல்ல, கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்து அவன் முகத்தருகே விழுகிறது. அதுவரை அரசனிடம் இருந்த தீர்ப்பு சொல்லும் உரிமை அந்த நொடியில் யார் கைக்கு மாறியது என்று கேளுங்கள்.

சுழற்சியைக் கற்பிக்கும் இடம் கட்டுரைக் காதை. முற்பிறப்பில் பரதன் என்ற பெயருடையவனாக இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்லவைத்ததையும், சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, இதே துயரம் செய்தவர்க்கும் நேர்க என்று சபித்ததையும் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகிக்குச் சொல்கிறது. கண்ணகியும் பதினான்கு நாள் கழித்தே கணவனைக் காண்கிறாள். இங்கே வகுப்பில் ஒரு கேள்வி எழும். எழாவிட்டால் நீங்களே எழுப்புங்கள்: எல்லாம் ஊழ் என்றால் பாண்டியன் குற்றமற்றவனா? எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த கேள்வி இதுதான். காதைகளின் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று கூறி அரசன் உயிர்விடுவது இருபதாம் காதை. முற்பிறப்புக் கதை வருவதோ இருபத்துமூன்றாவது. ஊழைக் காரணம் காட்டும் வாய்ப்பே இல்லாமல் அவன் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறான்.

அதன்பின் காட்சிக் காதைக்குச் செல்லலாம். வல்வினை வளைத்த கோலை, பாண்டியனின் பிரிந்த உயிர் நிமிர்த்திச் செங்கோலாக்கியது என்கிறான் சேரன் செங்குட்டுவன். அழகான வரிதான். ஆயினும் சொல்பவனும் ஓர் அரசன் என்பதையும், அதற்குள் மதுரை எரிந்துவிட்டது என்பதையும் நினைவூட்டி, கோல் உண்மையில் நிமிர்ந்ததா என்று வாதிட விடுங்கள்.

உருவகக் கதையை இதன் பிறகு சுருக்கமாகச் சொன்னால் போதும். சிலம்பு பல பொருள்களைத் தாங்குவது. உருவகக் கதையில் போல ஒன்றுக்கு ஒன்று என்று அடங்காது. பாரதியார் 1912இல் முதல் பாகத்தை வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தையோ, அவையில் நீதி கேட்கும் பாஞ்சாலியை அடிமைப்பட்ட நாடாகவே கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை படிக்க இயலும். வேறுபாடு இவ்வளவே, இப்போது வரையறையை மாணவர்களே எழுதிவிடுவார்கள்.

வீட்டுப்பாடமாக, தம் ஊரில் அதிகாரத்தைக் குறிக்கும் ஒரு பொருளை, அது நாற்காலியோ முத்திரையோ பச்சை மையோ எதுவாயினும், தேர்ந்தெடுத்து ஒரு பக்கக் கதை எழுதச் சொல்லுங்கள். அப்பொருள் மூன்று முறை வர வேண்டும். மூன்றாம் முறை வேறொருவர் கையில் இருக்க வேண்டும்.