எலி எவ்வளவு தின்னுதுன்னு அளக்குறதுக்கு முன்னாடி ரூம் சூட்டைப் பாருங்க

மதுரைல அக்னி நட்சத்திரம் கொளுத்துறப்ப ஏசி 22-ல ஓடுற, ஆராய்ச்சிக்கு எலி வளக்குற ரூமுக்குள்ள போனா நமக்கு அப்பாடான்னு இருக்கும், ஆனா சுண்டெலிக்கு அது குளிர். அதுக்கு ஒத்துப்போற சூடு 30 டிகிரி பக்கம். 22-ல வச்சா தோள்பட்டைக்கு நடுவுல இருக்குற பழுப்புக் கொழுப்பை எரிச்சு உடம்பைச் சூடா வச்சுக்கும், உடம்பு செலவழிக்கிற சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல போயிடும், அதுக்கேத்த மாதிரி தீனியும் கூடும். பழுப்புக் கொழுப்பு சூடு உண்டாக்கத் தேவையான யுசிபி1 ஜீன் இல்லாத எலிங்க 30 டிகிரி பக்கம் வச்சப்பதான் குண்டாச்சுன்னு 2009-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதாவது ரூம் சூடு மாறினா முடிவே மாறிடும்.

அதனால முதல்ல ரிமோட்ல காட்டுற நம்பரை நம்பாதீங்க, கூண்டு இருக்குற உயரத்துலயே தெர்மாமீட்டர் வச்சு தினமும் கூடுனது குறைஞ்சது ரெண்டையும் எழுதுங்க. ஏசி காத்து நேரா அடிக்கிற மேல் தட்டுல ஒரு குரூப்பையும் கீழ் தட்டுல இன்னொரு குரூப்பையும் வைக்கவே கூடாது, கலந்து வைங்க. எலிங்க ஒட்டிப் படுத்துதான் குளிரைச் சமாளிக்கும், அதனால எல்லாக் கூண்டுலயும் ஒரே எண்ணிக்கை, கூடு கட்ட ஒரே அளவு டிஷ்யூ, 8-10 கிராம் குடுத்தா நல்லா உருண்டையா கட்டிக்கும்.

தீனியைத் தினம் ஒரே நேரத்துல எடை போடுங்க, கூண்டுல விரிச்சிருக்குற பெட்டிங்கைச் சலிச்சு உதிர்ந்த தூளையும் கழிச்சிருங்க, இல்லேன்னா கொறிச்சுப் போட்டதெல்லாம் தின்ன கணக்குல வந்துரும். சூட்டை மாத்தணும்னா அதை நெறிமுறைக் குழுவுக்குக் குடுக்குற ப்ரோட்டோகால்லயே எழுதணும், மெதுவா ஏத்தி, ஒரு வாரமாவது பழகவிட்டு அப்புறம் கணக்கை ஆரம்பிங்க.

ராத்திரி பட்டினி போடுறவங்க ரொம்பக் கவனமா இருக்கணும். 22-ல பட்டினி கிடக்குற எலி உடம்புச் சூட்டையே இறக்கிட்டு அசையாம சுருண்டு கிடக்கும், காலைல தொட்டா சில்லுன்னு இருக்கும், செத்துருச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க, அது டார்ப்பர். அந்த நேரத்துல எடுத்த சர்க்கரை அளவை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

கரண்ட் கட் ஆச்சுன்னா கதை தலைகீழ். எலிக்கு நம்மள மாதிரி வேர்க்காது, எச்சிலை முடில தடவிக்கிட்டு தரைல பப்பரப்பான்னு படுத்துருக்கும், தீனியைத் தொடாது. ஏசிக்கு ஜெனரேட்டர் லைன் கட்டாயம் வாங்கி வைங்க, கட் ஆன நாளோட தீனிக் கணக்கைத் தனியா குறிச்சு வைங்க.