திருநெல்வேலிக்கு எஸ்டிஆர் கொண்டு போகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன வைக்கலாம், எவ்வளவு சாக்லேட் வாங்கலாம் என்றெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது) பைத்தியம் பிடித்து, வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போதும் ஒரு ரேடியோவைக் கையோடு எடுத்துப் போக நினைக்கிறவர்களுக்கு மட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட்க மட்டும் முடிகிற எஸ்டிஆரை (பாதி வேலையை மென்பொருளே செய்கிற ரேடியோ) கொண்டு போங்கள், பேசவும் முடிகிறதை வீட்டிலேயே வையுங்கள். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நான் எடுத்துப் போனது ஐகாம் ஐசி-705, பேசவும் முடிகிற எஸ்டிஆர். கைக்கு அடக்கமான பெட்டி, சொந்த பேட்டரியில் 5 வாட், வெளியிலிருந்து 13.8 வோல்ட் கொடுத்தால் 10 வாட். ஊரில் மைக்கைத் தொடுகிற எண்ணமே எனக்கு இல்லை, சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் நானே அறிவித்தேன். அது மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் பெரிய பெட்டிக்குள் அத்தான் கேட்ட வாக்கி டாக்கி ஜோடியும் இருந்தது. களக்காடு பக்கம் அவருக்கு வாழைத்தோப்பு, ராத்திரியில் பன்றி இறங்குகிறது. “நல்ல ரேஞ்சு உள்ளதா ரெண்டு பாத்து வாங்கிட்டு வா மாப்ள” என்றார், பிறகு அக்காவை விட்டும் சொல்ல வைத்தார். அக்கா சொன்னதற்கு மறுபேச்சு பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அமெரிக்காவில் கடையில் கிடைக்கும் அந்த ஜாதி 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவில் இந்த வகைக்கு உரிமம் வேண்டாம் என்று விட்டிருப்பது 446.0 முதல் 446.2 வரைதான். அதோடு புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் வயர்லெஸ் வைத்துக்கொண்டு ராத்திரி நடமாடினால் வனத்துறைக்காரர்கள் வந்து என்ன கேட்பார்கள் என்று அத்தான் யோசிக்கவே இல்லை.

விமான நிலையத்தின் பெயர் வேண்டாம், நம் பக்கத்து ஆட்கள் இறங்குகிற ஒன்றுதான். முதல் கேள்வி, இது டிரோனுக்கா? இல்லை என்றதும், அப்போ ஜாமரா? 705-ஐப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். திரையில் நீலமும் மஞ்சளுமாக அலைவரிசைகள் அருவி மாதிரி இறங்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், அதிலேயே என் கதை முடிந்துவிட்டது. “ரேஞ்சு எத்தனை கிலோமீட்டர் சார்?” இந்தக் கேள்விக்கு ஒரு ஹாம் என்ன பதில் சொல்ல முடியும்? அயனி மண்டலம் (மேலே அலைகளைத் திருப்பி அனுப்புகிற அடுக்கு) சரியாக இருந்தால் பிரேசில் வரை போகும் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு மேலதிகாரியைக் கூப்பிடப் போனார்.

அப்புறம் ஒரே அலைச்சல். தில்லியிலிருந்து கடிதம் கொண்டு வா என்றார்கள். இந்த கவுண்டர் இல்லை, அந்த கவுண்டர் என்றார்கள். அங்கே போனால் சம்பந்தப்பட்டவர் லீவு, திங்கட்கிழமை வாங்க. வாடகைக் காரில் திரும்பத் திரும்பப் போய்வந்தேன். அம்மாவோடு இருக்கத்தான் அந்த லீவே, அதில் பாதி மர பெஞ்சில் போனது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவளிடம், இதுவும் ஒரு வேலைதான் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய விஷயம் இவ்வளவுதான். வெளிநாட்டு அமெச்சூர் உரிமம் இந்தியாவில் தானாகச் செல்லாது, ஒருவர் உரிமத்தை மற்றவர் ஏற்கிற ஐரோப்பிய நாடுகளின் செப்ட் ஏற்பாட்டிலும் இந்தியா இல்லை. பேச வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கிற டபிள்யூபிசி பிரிவில் பல மாதம் முன்னதாகவே அனுமதி கேட்டு, கடிதம் கைக்கு வந்த பிறகு பெட்டியைக் கட்டுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டால், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். ஒளிக்காமல் அறிவித்த பொருளை அவர்களிடமே வைத்திருந்து, நாட்டை விட்டுப் போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ள அதில் வழி இருக்கிறது. வந்த விமான நிலையம் வழியாகவே திரும்புவது நல்லது. முக்கியமாக, கிளம்புவதற்கு முன்பே நேரில் போய் நேரத்தைச் சொல்லி வையுங்கள். எனக்கு விடியற்காலை விமானம், அறைச் சாவி வைத்திருப்பவரோ ஆபீஸ் நேரத்துக்குத்தான் வருவாராம்.

சரி, எதை வாங்கலாம்? மலிவாக ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். பென் டிரைவ் மாதிரி இருக்கும், 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும், அனுப்பவே முடியாது. ஆனால் நாம் கேட்க நினைப்பது ஹாம்கள் பேசுகிற 40 மீட்டரும் 20 மீட்டரும்தானே (7, 14 மெகாஹெர்ட்ஸ்), அது அதற்குக் கீழே. டாங்கிளின் பழைய வி3 வகை அந்தச் சிற்றலைகளை நேரடியாக எண்ணாக்குகிறது, 14.4 மெகாஹெர்ட்ஸில் அதன் கணக்கு மடங்குவதால் 20 மீட்டரில் நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரும். வி4-இல் அலைவரிசையை மேலே தூக்கிக் கொடுக்கும் சுற்று உள்ளேயே இருக்கிறது, வாங்கினால் அதையே வாங்குங்கள். இரண்டுமே 8 பிட்தான், பலமான அலையையும் மெலிந்ததையும் ஒரே நேரத்தில் தாங்காது, நம் பக்கத்தில் அதுதான் சிக்கல். நெல்லை வானொலி 1197 கிலோஹெர்ட்ஸில், தூத்துக்குடி 1053-இல் 200 கிலோவாட்டோடு. நீளமான கம்பியைச் செருகினால் டாங்கிள் திணறிவிடும். 2.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற வடிகட்டி ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். காசு இருந்தால் ஏர்ஸ்பை ஹெச்எஃப் பிளஸ் டிஸ்கவரி, அதுவும் கேட்க மட்டும்தான். பலமான நிலையங்களுக்கு நடுவில் மெலிந்த குரலைப் பிடித்துத் தருவதில் என் கைக்கு வந்த சின்னப் பெட்டிகளில் அதற்கு ஈடு இல்லை. ஹேக்ஆர்எஃப் வேண்டவே வேண்டாம். 1 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை அனுப்பவும் கூடிய சாதனம், மேலே சொன்ன ஜாமர் கேள்வியை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

கேட்பதற்கு நம் ஊரைப் போல ஓர் இடம் கிடைப்பது கஷ்டம். பூமியின் காந்த நடுக்கோடு ஏறக்குறைய நம் தலைக்கு மேல் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதே அதற்காகத்தான். நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே கோயில் சிலை பார்க்கப் போயிருக்கிறோம், பக்கத்திலேயே அயனி மண்டலத்தை அளக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இருட்டிய பிறகு மேலே அந்த மண்டலம் குமிழ் குமிழாகக் கலைவதால் நன்றாக வந்த நிலையம் திடீரென்று நடுங்கும், பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். ஏர்ஸ்பை கீழே 0.5 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், 18.2-இல் விஜயநாராயணத்துக் கடற்படை நிலையத்தைத் திரையில் பார்க்கலாம், நீர்மூழ்கிகளுக்கானது. வீட்டில் இருந்தே பாருங்கள். அந்தப் பக்கமோ, கூடங்குளம், மகேந்திரகிரி பக்கமோ ஆண்டெனாவும் கையுமாகப் போய் நிற்காதீர்கள்.

வீட்டில் பெரிய எதிரி இன்வெர்ட்டர். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் பாதி அடங்கும். எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், சிலோன் ரேடியோவுக்காக அப்பா ஏரியல் கட்டிய ஆணிகள் இன்னும் இருக்கின்றன, அதிலேயே கம்பியைக் கட்டினேன். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் கழற்றிவிட்டு இறங்கிவிடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மீனாட்சிபுரத்து வீட்டுக்குப் போன் போகாமல் நான் இங்கே செய்தியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோவை அங்கே கொண்டு போக நினைத்ததே அதனால்தான். ஆனால் அந்தப் பக்கம் பேச உரிமம் உள்ள ஆள் இல்லையென்றால் எந்த ரேடியோவும் உதவாது. அதனால் டாங்கிளை அக்கா மகனிடம் விட்டுவிட்டு வந்தேன். 12 வயது முடிந்திருந்தால் ஹாம் உரிமத்துக்கான ஏஎஸ்ஓசி தேர்வு எழுதலாம், அதில் ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் தந்திக்குறி வேண்டாம், தேறினால் வியு3 என்று தொடங்கும் அழைப்புக்குறி என்று சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு. படிக்கிறான். அத்தான்தான் இன்னும் பன்றிக் கணக்கை என் பேரில் எழுதிக்கொண்டிருக்கிறார்.