ஷாக்கில் இருந்தது ஸ்பிரிங் கோளாறு இல்லை

என் 1/10 அளவு ஆர்சி டிரக் (ரிமோட்டில் ஓடும் மாதிரி வண்டி) சின்ன மேட்டில் தாவி இறங்கினாலே பின்பக்கம் பந்து மாதிரி எகிறிக் கவிழ்ந்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து, ஷாக்கின் (குலுக்கலை அடக்கும், எண்ணெய் நிரப்பிய குழாய்) மேல்வளையத்தைத் திருகி இறுக்கினேன். அது தப்பு. அப்படி இறுக்கினால் வண்டியின் உயரம்தான் கூடும், ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது.

அப்புறம்தான் ஷாக்கைக் கழற்றி, தண்டைக் கையால் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். உள்ளே 'புளிச் புளிச்' என்று சத்தம். எண்ணெயோடு காற்று கலந்திருந்தது. பிஸ்டன் துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிப் போவதால்தான் அதிர்ச்சி அடங்குகிறது. காற்று இருந்தால் பிஸ்டனுக்கு அந்த இடத்தில் எதிர்ப்பே இருக்காது.

பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு, பின் ஷாக்குகளுக்கு மட்டும் 350 சிஎஸ்டிக்குப் பதிலாக 500 சிஎஸ்டி சிலிகான் எண்ணெய் ஊற்றினேன் (சிஎஸ்டி என்பது எண்ணெயின் பிசுபிசுப்பு அளவு; எண் கூடினால் எண்ணெய் கெட்டி). இங்கே அவசரமே கூடாது. பிஸ்டனை மிக மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழிகள் எல்லாம் மேலே வரும்வரை பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்தேன். பிறகு ரப்பர் டயாஃபிரத்தை (மூடிக்குக் கீழே வரும் சவ்வு) சாய்வாக வைத்து, மிச்ச எண்ணெய் வழிய மூடினேன். இடதும் வலதும் ஒரே வேகத்தில் அமுங்குகின்றனவா என்று இரண்டையும் சேர்த்து அழுத்திப் பார்ப்பது முக்கியம்.

பேட்டரியோடு ஒரு அடி உயரத்திலிருந்து தரையில் போட்டேன். அமுங்கி, ஒருமுறை எழுந்து, அப்படியே நின்றது. மேட்டிலும் சரியாக இறங்குகிறது. முன்பக்க எண்ணெயை நான் தொடவே இல்லை.