வாங்கி விற்பதா, வாடகைக்கு விடுவதா? பழைய ஃபிளாட்டில் முதலீடு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பழைய ஃபிளாட் ஒன்றை முதலீடாக வாங்க நினைப்பவர், அதைப் புதுப்பித்துச் சில மாதங்களில் விற்பதா, வைத்திருந்து வாடகைக்கு விடுவதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

விற்க நினைப்போர், வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தையே லாபமாகக் கருதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆகிறது. 60 லட்சத்துக்கு வாங்கிய வீட்டைப் பத்து மாதங்கள் கழித்து 78 லட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். பத்திரப் பதிவுக்கு 5.4 லட்சம், சீரமைப்புக்கு 6 லட்சம், 45 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டி ஏறத்தாழ 3.4 லட்சம், இரு முறையும் 1 சதவீதம் தரகு என்று சுமார் 1.4 லட்சம் போக, 18 லட்சமாகத் தெரிந்த லாபத்தில் கைக்கு வருவது 1.8 லட்சமே. விற்பனை இன்னும் ஐந்து மாதங்கள் தள்ளிப்போனால் அதுவும் பெரும்பாலும் வட்டியில் கரைந்துவிடும். 24 மாதங்களுக்குள் விற்றால் கிடைக்கும் ஆதாயத்துக்கு அவரவர் வருமானப் படிநிலைக்கேற்ற வரி உண்டு. அதற்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். இதையே அடிக்கடி செய்பவரின் ஆதாயத்தை வருமான வரித் துறை வணிக வருமானமாகவும் கருதக்கூடும்.

சமையலறையையும் தரையையும் மாற்றினால் விலை ஏறிவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. அடுத்து வாங்குபவர் வங்கிக் கடனில்தான் வருவார். வங்கியோ கட்டடத்தின் எஞ்சிய ஆயுள், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றைப் பார்க்கும். நிலத்தில் பிரிபடாத பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் அந்த ஃபிளாட்டுக்கு உரிய பகுதி, குறைவாக இருந்தால், எத்தனை அழகாகப் புதுப்பித்தாலும் பேரம் கீழ்நோக்கியே போகும்.

வாடகைப் பக்கத்துக் கணக்கிலும் இதே கவனம் தேவை. அதே வீடு மாதம் 20,000 ரூபாய் ஈட்டி, ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருந்தால் வரவு 2.2 லட்சம், 45 லட்சம் கடனின் முதலாண்டு வட்டி மட்டுமே சுமார் 4 லட்சம். இந்தப் பற்றாக்குறையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று பழைய வரி முறையை மனத்தில் வைத்துத் திட்டமிடுவோர் இன்னும் இருக்கிறார்கள். அம்முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை அதற்கு இடம் உண்டு. புதிய வரி முறையில் இல்லை. ஆகவே, பெரும் கடனில் வாங்கி வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று எண்ணுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. கடன் குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் உள்ளவருக்கே வாடகை வீடு பொருந்தும்.

எல்லாவற்றிலும் கூடுதல் நட்டம் தருவது, விலை போகாத வீட்டை வேறு வழியின்றி வாடகைக்கு விடுவது. விற்பனைக்கென்று செய்த விலையுயர்ந்த உள்அலங்காரத்துக்கு வாடகையில் ஈடு கிடைக்காது. குடியிருப்பவர் தேடுவது தண்ணீர், பேருந்து வசதி, வேலையிடத்துக்கு அருகாமை ஆகியவற்றையே. அவசரத்தில் எழுத்து ஒப்பந்தமின்றி ஆள் வைப்பது நிலைமையை மேலும் சிக்கலாக்கும்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்கிறது.