பி.எட். முடித்த பிறகு வரும் சந்தேகங்கள்

தருமபுரி பஸ் நிலையத்தில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். பொருளியலில் பி.ஏ., எம்.ஏ., அதற்கு மேல் பி.எட். "சமூக அறிவியல் புத்தகத்தில் பொருளியலும் இருக்கிறதே சார், பட்டதாரி ஆசிரியர் பணிக்கு நான் ஏன் விண்ணப்பிக்க முடியவில்லை?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, கல்லூரியில் சேரும்போதே கேட்டிருக்க வேண்டியது. அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர்களை வரலாறு, புவியியல் என்ற இரண்டு பாடங்களின் பெயரில்தான் எடுக்கிறார்கள். பொருளியல் படித்தவருக்கு இடம் மேல்நிலை வகுப்புகளில். அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். 'எந்த டிகிரியானால் என்ன, பி.எட். இருந்தால் போதும்' என்று இங்கே ஊருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எல்லையோர மாவட்டங்கள் என்பதால் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு வலை உண்டு. 'வகுப்புக்கே வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்' என்று தரகர் ஒருவர் வெளிமாநிலக் கல்லூரியின் விண்ணப்பத்தோடு வீட்டுக்கே வருவார். பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. பள்ளியில் போய் நின்று பாடம் நடத்துவதும் அதில் அடக்கம். கல்லூரிக்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேறிவிட்டால் வேலை வந்துவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2018ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு அது நுழைவுச் சீட்டு மட்டும்தான். நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. அதிலும் கட்டாயத் தமிழ்த் தாளில் 50க்கு 20 எடுக்காவிட்டால் பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

வரலாறு படித்தவர்கள் வரைபடத்தைக் கண்டால் ஒதுங்குவார்கள். தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் சமூக அறிவியலுக்கு 60 மதிப்பெண். வரலாறு மட்டும் தெரிந்து அதை வாங்க முடியாது. பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர் பானிபட்டு போர்களை மூச்சுவிடாமல் சொன்னார். முன் பெஞ்சுப் பையன் எழுந்து, "கே.ஆர்.பி. அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து சார் வருகிறது?" என்றான். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணை வழியாகக் கிருஷ்ணகிரி அருகே உள்ள அந்த அணைக்கு வந்து, சாத்தனூர் அணையைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அவருக்கு அது தெரியவில்லை. சுண்ணக்கட்டியைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். தேவையே இல்லை, முதுகலையில் 55 விழுக்காடும் கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசிய (நெட்) அல்லது மாநில (செட்) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் போதும். இது தெரியாமல் இரண்டு ஆண்டுகளைக் கழித்தவர்களும் உண்டு.

மாணவிக்கும் வழி அடைபடவில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 110 அவளுடைய பொருளியலுக்கே. கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. கணக்கை டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொடுத்தேன். பென்னாகரம் பஸ் வந்துவிட்டது.